கொள்ளு டப்பாக் கிளை

“அப்போ போடறது நீங்க.”

“ஆமாங்க.”

“எடுக்கறது?”

“அதும் நான்தானுங்க. எப்பவாச்சும்.”

“ரெண்டாவது ஆளு யாருங்க?”

“ரெண்டாவது ஆளெல்லாம் கெடையாதுங்க. இது என்ற டப்பா.”

வங்கி அதிகாரி இதை ஒரு தாளில் எழுதினார். எழுதிய தாளைக் காதருகே வைத்துக் கேட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“கேட்டா உண்மையாட்டத்தான் இருக்குது. ஆனா விளக்கு எரியுதுங்களே.”

சாந்தாமணி அவருக்கு எதிரே நின்றிருந்தாள். நின்றது அவளுடைய சமையலறையில்தான். காலையில் கதவைத் தட்டிய அதிகாரி, கக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பை இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதன் அடியில் ஒரு கை நுழையுமளவு அரைவட்டமாக வெட்டியிருந்தது. அதை அடுப்பு மேடைமேல் நிறுத்திவிட்டு, மேடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மேடை சுவரை ஒட்டித்தான் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் அவருக்கும் ஒரு நாற்காலிக்கும் ஒரு சிறிய மின்விசிறிக்கும் இடம் இருந்தது. சாந்தாமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கிக்காரர்கள் எங்கே போனாலும் அவர்களுக்கென்று ஒரு அந்தப் பக்கம் கிடைத்துவிடும்.

“எந்த விளக்குங்க?” என்று குனிந்து ஓட்டை வழியாகக் கேட்டாள். குனியாமல் கேட்டால் அவருக்குக் கேட்கவில்லை.

“எங்க ஆபீஸ்ல ஒண்ணு இருக்குதுங்க. எங்கயாச்சும் ரெண்டு பேரு ஒரே எடத்துல பணம் வெச்சா எரியும். உங்க வீட்டு விளக்கு பல வருஷமா எரிஞ்சுட்டு இருந்திருக்குது. நாங்க நைட் லேம்புன்னு நெனச்சுட்டோம்.”

“யாரும் அணைச்சுப் பாக்கலீங்களா?”

“அந்த வெளிச்சத்துலதானுங்க நாங்க சாப்பிடறது.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டப்பா இருந்தது. அலுமினிய டப்பா. மூடி ஒரு ஓரம் நசுங்கியிருக்கும். உள்ளே மேலாகக் கொள்ளு. கொள்ளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் சாந்தாமணி வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாடு.

அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சனிக்கிழமை சம்பளம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதில் ஒரு பங்கு கொள்ளுக்கடியில் போய்விடும். மிச்சத்தைத்தான் சம்பளம் என்று சொல்வாள்.

எல்லாம் ஒரு ஜன்னலுக்காக.

அந்த வாடகை வீட்டின் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. அடுப்புக்கு எதிரே மேற்குச் சுவர் மட்டும் இருந்தது. குடிவந்த நாளிலிருந்து அவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தாளித்தாள், கிளறினாள், இறக்கினாள். சுவரும் அவளைப் பார்த்தது. அவளைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயம் உருவாகியிருந்ததாக அவளுக்குச் சந்தேகம். வீட்டுக்காரரிடம் கேட்டபோது, “ஜன்னல் வெச்சுக்குங்க, செலவு உங்குளுது. காலி பண்ணும்போது செங்கல்லத் திருப்பி வெச்சுட்டுப் போயிருங்க” என்றார். நியாயமான மனிதர்.

அன்றிலிருந்து டப்பா.

டப்பாவுக்கு ஒரு குணம் இருந்தது. போட்டதைவிட எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். முதலில் திகைத்தாள். பிறகு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கொள்ளு சூடு. சூட்டில் எதை வைத்தாலும் பெருகும். மாவு பெருகவில்லையா. மார்கழியில் பணம் கொஞ்சம் குறைந்ததும் அவளுக்கு அது உறுதியாகிவிட்டது. குளிர்காலத்தில் மாவும்தான் பொங்குவதில்லை.

சூட்டைக் கலைக்க வேண்டாமென்று அவள் கொள்ளு சமைப்பதையே நிறுத்திவிட்டாள். கொள்ளுப் பருப்பு என்றால் உயிரை விடுகிற புருஷன், ஏன் செய்வதில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டாள்.

“எலியா இருக்குமுங்க, அந்த ரெண்டாவது ஆளு” என்றாள் இப்போது.

“எலி எடுக்குமுங்க. போடாது.”

“எங்கூட்டு எலி கொஞ்சம் சாதுங்க.”

“சாதுவா இருந்தாலும் சம்பளம் வாங்கோணுமுங்களே.”



அப்போது பக்கத்து வீட்டு தெய்வானையக்கா கருவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள்.

“என்ன புள்ள, ஒரம்பரையா? எந்த ஊருச் சொந்தம்?”

“பேங்குக்காரருங்க அக்கா.”

“அட, வூட்டுக்கே வந்துட்டாங்களா. எனக்கெல்லாம் போனாலே மூஞ்சி குடுக்க மாட்டேங்கறாங்க.”

“அம்மா, சித்த இப்படி ஓரமா நில்லுங்க” என்றார் அதிகாரி. தெய்வானையக்கா மேடையோரமாக நின்றாள். அவர் ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டில் ஒரு வெள்ளை நூலைக் கட்டினார். நூலின் மறுமுனையைக் கண்ணாடியில் கட்டினார். தெய்வானையக்கா மெல்ல மெல்ல ஒல்லியானாள். பிறகு நீலமானாள். பேனாவாகிவிட்டாள்.

“எப்படீங்கக்கா இருக்குது?” என்று சாந்தாமணி கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்குது புள்ள. முழங்காலு வலியே தெரியல. நூலு கொஞ்சம் நீளமாக் கட்டியிருக்கலாம்.”

“நீளமாக் கட்டுனா எடுத்துட்டுப் போயிடறாங்கம்மா” என்றார் அதிகாரி.

பிறகு அவர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேசை மணியை வைத்துத் தட்டினார். “ரெண்டாவது ஆள்!” என்று கூப்பிட்டார்.

சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்கு வருகிற நடை வழக்கமாக நாலு எட்டில் முடிந்துவிடும். இப்போது அது நீண்டுகொண்டே போனது. வங்கி என்றால் வரிசை நிற்க இடம் வேண்டுமே. அதன் கோடியில், வெகு தூரத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் தெரிந்தது. கையில் பித்தளை டோக்கன். உருவம் நடந்து வந்தது. பாதி வழியில் உட்கார்ந்து இளைப்பாறியது. மறுபடி எழுந்து நடந்தது.

வருகிறவருக்கு எதற்கும் ஒரு டீ போடலாமென்று சாந்தாமணி அடுப்பைப் பற்றவைத்தாள். டீ கொதித்து வடிகட்டி ஆற்றி முடிக்கும்போது உருவம் வந்து சேர்ந்தது.

அது அவள் புருஷன் சென்னியப்பன்.

சென்னியப்பன் எடைமேடையில் வேலை பார்த்தான். லாரி மேடைமேல் ஏறி நிற்கும். அவன் பக்கத்துக் கேபினில் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பான். லாரி இறங்கிப் போகும். அடுத்த லாரி ஏறும். வேலை நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்ததே இல்லை.

“ஏனுங்க, நீங்க எங்க இங்க?” என்றாள்.

சென்னியப்பன் டோக்கனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “சும்மாதான் அம்மணி. தண்ணி குடிக்கலாம்னு.”

“எடைமேடையில தண்ணி இல்லீங்களா?”

“இருக்குது. எடை பாத்த தண்ணி.”

“இவரை உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று அதிகாரி சாந்தாமணியைக் கேட்டார்.

“எங்கூட்டுக்காரருங்க.”

“அது கல்யாணத் துறைங்க. எங்களுக்குச் சம்பந்தமில்லை. டப்பாவுல தெரியுமான்னு கேட்டேன்.”

சாந்தாமணி சென்னியப்பனைப் பார்த்தாள். சென்னியப்பன் டப்பாவைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது. அவளுக்கு விஷயம் புரிந்தது.

“டப்பாவுல தெரியாதுங்க” என்றாள்.

“ஒரே கணக்குல இருக்கறவங்க ஒருத்தரை ஒருத்தரு தெரிஞ்சுக்காம இருக்கக் கூடாதுங்க. நானே அறிமுகம் பண்ணி வெக்கறேன். அம்மா, இவரு சென்னியப்பன். ஐயா, இவங்க சாந்தாமணி.”

“வணக்கமுங்க” என்றான் சென்னியப்பன்.

“வணக்கமுங்க. ஒக்காருங்க. டீ சாப்பிடுங்க.”

“எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் அவளை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. சாந்தாமணிக்கு வெட்கமாக இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“அடியாத்தீ” என்றாள் தெய்வானையக்கா, பேனாவாகவே.

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை உறிஞ்சினான். புதிதாகப் பார்க்கிற ஆளிடம் பேசுவதுபோல ஜாக்கிரதையாகப் பேசினான். “நீங்க சாயங்காலம் கடைக்குப் போனதுக்கப்புறம் வந்து போடுவனுங்க. போட்டதுக்கு மேலயே இருக்குமுங்க. கொள்ளுக்கு அப்படி ஒரு சக்தியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். குதிரைக்குப் பின்ன எதுக்குங்க கொள்ளு போடறாங்க?”

“நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். நானு சூடுன்னு நெனச்சேன்.”

“அதுனாலதான் கொள்ளுப் பருப்பு கேக்கவே இல்லீங்க. எடுத்துக் கடைஞ்சுட்டா போச்சேன்னு.”

“நானும் அதுனாலதான் செய்யவே இல்லீங்க.”

இருவரும் டப்பாவைப் பார்த்தார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பருப்பைத் தின்னாமல் வளர்த்திருக்கிறார்கள். சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வங்கியில் சிரிக்கக்கூடாது என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“இப்பத்தான் முக்கியமான கேள்விங்க. ஒரு டப்பாவுக்கு ஒரு ஆசைதான் அனுமதி. உங்க ஆசை என்னங்க?”

“ரெண்டு இருந்தா?” என்றான் சென்னியப்பன்.

“ரெண்டு இருந்தா டப்பாவுக்குச் சீல் வெச்சுத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருவோம்.”

“மெட்ராசுங்களா?”

“அதுக்கும் மேல. அங்க ஒரு பெரிய கூடம் இருக்குது. சீல் வெச்ச டப்பாவா அடுக்கியிருக்கும். மழைக்காலத்துல எல்லாம் மொளைச்சு மூடியைத் தள்ளும். பாக்க அழகா இருக்கும். ஆனா யாரும் பாக்கறதில்லை.”

சாந்தாமணி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்குத் தேவையான பணம் அநேகமாகச் சேர்ந்துவிட்டது. கொத்தனாரிடம்கூட ஜாடையாகப் பேசி வைத்திருந்தாள். அது ஒரு கூடத்தில் போய் முளைப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“எப்பவரைக்கும் நேரமிருக்குதுங்க?”

“இந்தக் கண்ணாடி முழுக்க ஆவி படியற வரைக்கும். படிஞ்சுட்டா நீங்க என்னைப் பாக்க முடியாது, நான் உங்களைப் பாக்க முடியாது. கவுண்டர் மூடியாச்சுன்னு அர்த்தம்.”

கண்ணாடியின் அடிப்பகுதியில் டீயின் ஆவி ஏற்கனவே படிந்திருந்தது. சாந்தாமணி பாய்ந்து அடுப்பை அணைத்தாள். ஆவி நிற்கவில்லை. அந்தச் சமையலறையில் எழுந்த ஆவிக்கு என்றைக்குமே போக இடம் இருந்ததில்லை. இத்தனை வருடத்து ஆவியும் மூலைகளிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. பொங்கல் ஆவி, ரசத்து ஆவி, தீபாவளிக்கு அதிரசம் சுட்ட புகை. எல்லாம் கண்ணாடியை நோக்கி நகர்ந்தன.

“சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி. அவருடைய டை அப்போதே மறைந்துவிட்டது.

சாந்தாமணி அதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லும்போது குரல் சின்னதாக வந்தது.

“ஜன்னலுங்க.”

“என்ன ஜன்னல்?” என்றான் சென்னியப்பன்.

“இந்தச் சுவத்துல ஒரு ஜன்னலுங்க. சமைக்கையில வெளிய பாக்கோணும். என்ன தெரிஞ்சாலும் பரவால்லீங்க. ஒரு காக்கா போனாக்கூடப் போதும்.”

சென்னியப்பன் சுவரைப் பார்த்தான். அந்தச் சுவரை அவன் அதுவரை பார்த்ததில்லை என்பது அவன் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

“ஐயா, உங்க ஆசை?”

“வேண்டாமுங்க. அவங்களுதே இருக்கட்டும்.”

“கேட்டா சொல்லோணுமுங்க.”

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். “சுவருங்க” என்றான்.

“சுவரா?”

“என்ற கேபின் நாலு பக்கமும் ஜன்னலுங்க. லாரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியோணும்னு அப்படிக் கட்டி வெச்சிருக்கறாங்க. எந்நேரமும் வெயில். டிரைவருங்க, கிளீனருங்க, மூட்டை தூக்கறவங்க, எல்லாரும் என்னையே பாத்துட்டு இருக்கறாங்க. முதுகு சாச்சுக்க ஒரு சுவரு வேணுமுங்க. ஒண்ணு போதும். மொதலாளி, உன்ற செலவுல வேணா கட்டிக்கன்னு சொல்லிட்டாருங்க.”

சாந்தாமணி அவன் முதுகைப் பார்த்தாள். காக்கிச் சட்டை முதுகுப் பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. வாரா வாரம் அவள்தான் அதைத் துவைக்கிறாள். சோப்பின் குறை என்று நினைத்திருந்தாள்.

“அப்போ சுவரே கட்டிக்கட்டுங்க” என்று அதிகாரியிடம் சொன்னாள். “எனக்குப் பழகிருச்சுங்க.”

“அதெல்லாம் இல்லீங்க. ஜன்னலே வெச்சுக்கட்டும். நான் துண்டு போட்டுக்கறேன்.”

“நீங்க சும்மா இருங்க.”

“நீங்க சும்மா இருங்க.”

அதிகாரி கண்ணாடியைத் தட்டினார். “விட்டுக்குடுக்கறதை நாங்க வாங்கறதில்லீங்க. அதைப் போட்டா டப்பாவுல வண்டு வந்துரும். நெறைய வூட்டுல பாத்துட்டேன். மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். பத்து வருஷம் கழிச்சுத் தொறந்தா பொடி.”

ஆவி அவருடைய வாய்வரை ஏறிவிட்டது. இப்போது கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. கண்களில் அவசரம் இல்லை. மூடுகிற நேரத்தில் வங்கிக்காரர்களின் கண்கள் எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும்.

சாந்தாமணி புறங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடம் உடனே மூடிக்கொண்டது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவளுடைய தொழில். மூளை தானாக அந்த வழியில் போயிற்று. ஒரு துணியில் ஓட்டை. இன்னொரு துணியில் உபரித் துணி.

“ஏனுங்க, உங்களுக்கு நாலு ஜன்னல் இருக்குது.”

“ஆமாங்க.”

“ஒண்ணு எனக்குக் குடுத்துருங்க.”

“குடுத்துட்டு?”

“இந்தச் சுவத்தை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க.”

சென்னியப்பன் மறுபடி சுவரைப் பார்த்தான், இந்தமுறை எடைபோடுகிறவனாக. “முதுகுக்குப் போதுமுங்க” என்றான்.

“ஆக ஆசை ஒண்ணுதான்” என்றது ஆவிக்குள்ளிருந்து அதிகாரியின் குரல். “உள்மாற்றம்னு ஒரு பிரிவு இருக்குதுங்க. செலவே கெடையாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையெழுத்துப் போடோணும், அவ்வளவுதான். சீக்கிரம்.”

இருவரும் சேர்ந்து தெய்வானையக்காவைப் பிடித்தார்கள். சாந்தாமணி இடுப்பருகே பிடித்தாள். சென்னியப்பன் தோளருகே பிடித்தான்.

“மெதுவா அழுத்துங்க, கூச்சமா இருக்குது” என்றாள் தெய்வானையக்கா. “ஒரு பக்கமா இழுக்காதீங்க. ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எனக்கு எழுத வராது.”

கையெழுத்து முடிந்தபோது கண்ணாடியில் ஒரு நகம் அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் பாக்கியிருந்தது. அதன் வழியாக ஒரு முத்திரை விழும் சத்தம் கேட்டது.

அதிகாரி எழுந்து, மேற்குச் சுவரின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, பாயைச் சுருட்டுவதுபோல் கீழ்நோக்கிச் சுருட்டினார். ஆணியில் மாட்டிய கரண்டிகளும், எண்ணெய்ப் பிசுக்கும், போன வருடக் காலண்டரும் உள்ளே சுருண்டுகொண்டன. சென்னியப்பன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடைவழியே போனான். சிறியதாகிக்கொண்டே போனான். திரும்பி வரும்போது ஒரு ஜன்னலைத் தலைமேல் வைத்து வந்தான். நிலை, சட்டம், இரும்புக் கொக்கி எல்லாம் அதோடு இருந்தன. பொருத்தியபோது அளவு சரியாக இருந்தது. மேற்கே ஒட்டியிருந்த பக்கத்து வீடு முனகாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

இத்தனை வருடத்து ஆவியும் ஒரே மூச்சில் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. கண்ணாடி தெளிந்தது. அதிகாரி டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“பணம் அப்படியே இருக்குதுங்களே” என்றார். “இனிமேப் போடறதுக்கு ஒரு முறை வெச்சுக்கோணும். தெரியாமப் போட்டது வேற. தெரிஞ்சு போடறது வேற.”

“ரெண்டு பேரும் சமமாப் போடோணுமுங்களா?” என்று சாந்தாமணி கேட்டாள். அவள் சம்பளம் குறைவு.

“சமம்னு எங்க சட்டத்துல இல்லீங்க. டப்பாவை ஆளுக்கொரு தடவை தூக்கிப் பாருங்க.”

தூக்கினார்கள். சென்னியப்பன் தூக்கும்போது அது அரிசி மூட்டைபோல் கனத்தது. சாந்தாமணி தூக்கும்போது தேங்காய் அளவு கனத்தது.

“கை வலிக்குதுங்களா?”

“லேசா வலிக்குதுங்க” என்றாள் அவள்.

“எனக்கும் லேசா” என்றான் அவன்.

“அதானுங்க அளவு. ரெண்டு பேருக்கும் கை ஒரே மாதிரி வலிக்கோணும்.”

சென்னியப்பன் தலையை ஆட்டினான். “இது எந்த எடைமேடையிலும் வராதுங்க” என்றான் மரியாதையுடன்.

“எடுக்கறது எப்படி வெச்சுக்கலாம்? தனித்தனியாவா, சேந்தா?”

சாந்தாமணி புதிய ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தாள். “வெங்காயம், சோப்பு, கேஸ், இதுக்கெல்லாம் யாரு வேணா எடுக்கலாமுங்க. ஒரு ஜன்னல் அளவுக்கு மேலன்னா ரெண்டு பேரும் சேந்து.”

அதிகாரி ‘ஒரு ஜன்னல்’ என்று தெய்வானையக்காவால் எழுதிக்கொண்டார்.

“அப்புறம், கேக்கறனேன்னு நெனைக்காதீங்க. ஒருத்தரு இல்லாமப் போயிட்டா?”

சென்னியப்பன் டப்பாவின் மூடியைத் தொட்டான்.

“இருக்கறவங்க எடுத்துக்கறதுதானுங்க. ஆனா இந்த மூடி ரொம்ப இறுக்கம். நான்தான் அப்படி அழுத்தி வெச்சேன். வயசான காலத்துல இவங்களால ஒத்தையாத் தொறக்க முடியாதுங்க.”

“அதுக்குத்தானுங்க முன்கூட்டியே லூசா வெச்சுக்கச் சொல்றோம்.”

சென்னியப்பன் மூடியைக் கழற்றி, நசுங்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல நெளித்தான். சாந்தாமணியிடம் நீட்டினான். அவள் ஒரு கையால் மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள். சரியாக வந்தது.

“ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றாள் சாந்தாமணி. “எல்லாம் இதுலயே போட்டுட்டா, எனக்குன்னு ஒண்ணும் இருக்காதுங்களே. சனிக்கிழமை செருப்போட வந்து போடறதுல ஒரு இது இருக்குதுங்க. அதை எங்க வெக்கறது?”

அதிகாரி அவளை முதல்முறையாக முழுவதும் நிமிர்ந்து பார்த்தார். “அது எங்க சட்டத்துல இருக்குதுங்க. யாரும் கேக்காததுனால சொல்றதில்லை.” சட்டைக் கைக்குள்ளிருந்து இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்தார். ஆளுக்கொன்று கொடுத்தார். “இதுல என்ன இருக்குதுன்னு ஒருத்தரை ஒருத்தரு கேக்கக்கூடாது. கேட்டா துவரம்பருப்பாயிரும், பணம்.”

“எந்தத் தானியம் போட்டு மூடறது?” என்று சென்னியப்பன் கேட்டான்.

“அதைக்கூடச் சொல்லக்கூடாதுங்க.”

“எனக்குத் தானியமே தெரியாதுங்களே.”

“அப்போ மணலு போட்டுக்குங்க.”

வேலை முடிந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நூலை அவிழ்க்கட்டுமா என்று தெய்வானையக்காவைக் கேட்டார். இன்னும் சித்த நேரம் இப்படியே இருக்கிறேன், வீட்டுக்குப் போனால் மாடிப்படி ஏறவேண்டும் என்றாள் அவள். அவர் நூலைக் கண்ணாடியிலிருந்து மட்டும் அவிழ்த்து, அவளை அடுப்பு மேடைமேல் படுக்கவைத்துவிட்டு நடைவழியே போனார். போகப்போக நடை அவருக்குப் பின்னால் சுருங்கி, வாசலில் மறுபடி நாலு எட்டாகி நின்றது. சென்னியப்பனும் வேலைக்குத் திரும்பிப் போனான்.

சாந்தாமணி அடுப்பைப் பற்றவைத்தாள். வெங்காயம் நறுக்கினாள். நிமிர்ந்தாள்.

ஜன்னல் தன்னுடைய வெளியையும் கூடவே கொண்டுவந்திருந்தது. எதிரே எடைமேடை. பக்கத்தில் ஒரு புளியமரம். மரத்தடியில் டீக்கடை. கேபினுக்குள் சென்னியப்பன். அவன் பின்னால் அவளுடைய சுவர். கரண்டிகள் அவன் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கின. அவன் முதுகை அதில் சாய்த்திருந்தான். அவன் சாய்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சாய்ந்தால் அவனுக்குக் கொஞ்சம் தொப்பை தெரிந்தது. காக்காய் ஒன்று குறுக்கே போயிற்று. தேவைக்கு மேலாக இன்னொன்றும் போயிற்று.

கடுகு வெடித்தது. அவள் கிளறியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்திருந்தது. ஒரு லாரி வந்து மேடையில் ஏறியது. சென்னியப்பன் எடையைப் பார்த்தான். டிரைவர் கீழே இறங்கி ஒரு சீட்டைக் காட்டினான். சென்னியப்பன் மறுபடி பார்த்தான். இருவரும் கையை ஆட்டிப் பேசினார்கள். டிரைவர் டயரை உதைத்தான். சென்னியப்பன் கேபினை விட்டு வெளியே வந்து, மேடையைச் சுற்றி நடந்து, புளியமரத்தைத் தாண்டி, நேராக ஜன்னலுக்கு வந்தான். சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். நெற்றி வியர்த்திருந்தது. முதுகு வியர்க்கவில்லை.

“என்னுங்க?” என்றாள் சாந்தாமணி.

“ஒண்ணுமில்லீங்க. பொறப்பட்ட எடத்துல போட்ட எடைக்கு இங்க ரெண்டு ஆள் எடை கொறையுது. அது சரியாகாம டிரைவரு வண்டியை எடுக்க மாட்டேங்கறாரு. பின்னால வரிசை நிக்குது.”

அவள் எட்டிப் பார்த்தாள். வரிசை அடிவானம் வரை நின்றது. லாரிகள் எதுவும் ஹாரன் அடிக்கவில்லை.

சென்னியப்பன் ஜன்னல் கொக்கியை வெளியிலிருந்து தூக்கினான். ஜன்னல் திறந்துகொண்டது. காற்று வந்து அடுப்புத் தீயைக் கொஞ்சம் சாய்த்தது. அவன் கையை உள்ளே நீட்டினான்.

“அம்மணி, சித்த இப்படி எறங்கி வந்து, அந்த லாரி மேல ஏறி என்ற பக்கத்துல நிக்கறீங்களா?”